எட்வர்ட் லியரின் இத்தாலியக் கடற்கரைத் தாள்கள்: ஓரத்தில் இருக்கும் எழுத்தும் ஓவியம்தானா?

ஈரத்தூரிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரமாக, இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, எட்வர்ட் லியரின் நீர்வண்ணத் தாள்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி மனத்தில் முற்றிவிட்டது. அதை இங்கே வைக்கிறேன்.

லியரைப் பலருக்குக் குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களை எழுதியவராகத்தான் தெரியும். ஆனால் அவருக்குச் சோறு போட்டது ஓவியம். 1812-இல் லண்டனில் பிறந்தவர். இருபது வயதுக்குள் கிளிகளை உயிரோடு பார்த்து வரைந்து ஒரு பெரிய படத்தொகுப்பையே கொண்டுவந்துவிட்டார். நுணுக்க வேலையில் கண் கெட்டது. தீக்கோழியைவிடச் சிறிய பறவை எதுவும் இனித் தன் கண்ணுக்குத் தட்டுப்படாது என்று 1836-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அடுத்த ஆண்டு ரோமுக்குப் புறப்பட்டார். இறகின் நரம்பை எண்ணிக்கொண்டிருந்த கண், மலையையும் கடலையும் பார்க்கத் தொடங்கியது அப்படித்தான்.

அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளில் எங்கெங்கோ போனாலும், அவர் இத்தாலியக் கரைக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். 1838-இல் அமால்ஃபி. 1842-இலும் 1847-இலும் சிசிலி. அதே 1847-இல் இத்தாலியின் தென்முனையான கலாப்ரியா. 1864 டிசம்பரில் நீஸ் நகரிலிருந்து ஜெனோவா வரை கடலை ஒட்டிய மலைப்பாதையில் நடை. 1871 முதல் சான் ரெமோவில் சொந்த வீடு. 1888 ஜனவரியில் அங்கேயே இறந்தார்.

நான் சொல்ல வருவது அவர் ஊர் ஊராகப் போய் நேரில் வரைந்த தாள்களைப் பற்றி. அவற்றைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாள் முழுக்க எழுத்து இருக்கும். ஒரு மூலையில் ஊர்ப் பெயர், தேதி, அந்தப் பயணத்தில் இது எத்தனையாவது தாள் என்ற எண். பல தாள்களில் மணியும் உண்டு. படத்துக்குள்ளேயே, மலைச்சரிவின் மேல், சுவரின் மேல், கடலின் மேல் என்று எங்கும் குட்டிக் குட்டிச் சொற்கள். இங்கே வெளிர்நீலம், இங்கே ஆலிவ் மரம், இந்த நிழல் ஊதா என்று குறித்துவைப்பார். பாறைகள் என்ற ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே பிழையாக, மூன்றே எழுத்தில், காதில் கேட்கிறபடி எழுதுவார்.

முதலில் எனக்கும் அது குறிப்புக் கிறுக்கலாகத்தான் பட்டது. இப்போது அந்தச் சொற்களை நீக்கிவிட்டு அந்தப் படங்களை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து விற்பனைக்கென்று முடித்த பெரிய நீர்வண்ணங்களையும் எண்ணெய் வண்ணங்களையும்விட, எழுத்து நிறைந்த இந்தத் தாள்கள்தான் அவருடைய உண்மையான படைப்பு என்று அடித்துச் சொல்வேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரிக்கோல் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் மறுத்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வெளியில் வரைந்துகொண்டு வருவது அரிசி. வீட்டுக்கு வந்து பொங்கினால்தான் அது சோறு. லியர் காலத்து ஆங்கிலேய ஓவியர்கள் எல்லோருக்கும் இது தெரியும். டர்னரைப் பாருங்கள். 1819-இல் முதன்முறையாக இத்தாலிக்குப் போகிறார். நாற்பத்து நான்கு வயது. நேப்பிள்ஸ், சொரெண்டோ, அமால்ஃபி, சலேர்னோ என்று சுற்றுகிறார். நோட்டுப் புத்தகங்கள் இருபதுக்கும் மேல் நிரம்புகின்றன. ஏறத்தாழ எல்லாமே பென்சில். நேப்பிள்ஸில் ஒருவர் வெளியில் உட்கார்ந்தே வண்ணம் தீட்டலாமே என்று கேட்டதற்கு, ஒரு வண்ணப் படம் முடிக்கும் நேரத்தில் பதினைந்து பதினாறு பென்சில் படம் போட்டுவிடலாம் என்று பதில் சொன்னாராம். கட்டடக் கலைஞர் ஜான் சோனின் மகன் அப்போது அங்கே இருந்தார். ஊருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

டர்னரும் நோட்டில் சொற்களை எழுதியவர்தான். அங்கோனாவுக்கு அப்பால் ஒரு வளைவில் மலைகளைக் கண்டதும், தான் வணங்கிய பழைய நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரெய்னின் படங்களில் கண்டதன் முதல் துண்டு இதோ என்ற பொருளில் ஒரு வரி கிறுக்கியிருக்கிறார். அதைப் படிக்க எனக்கும் நெஞ்சு நெகிழத்தான் செய்கிறது. அதற்காக அந்தப் பக்கத்தை அவருடைய முடித்த நீர்வண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பேனா? மாட்டேன். வெயிலில் கண் பொறுக்குவதை, அறைக்குள் மனம் புடைக்க வேண்டும். அந்தப் புடைத்தல்தான் கலை.

நெய்தல் எழுதியது:

எனக்கு ஓவியம் தெரியாது. கடல் தெரியும். கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவன். ஈரத்தூரிகை அம்மா சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன்.

ஒன்று உடனே கண்ணில் பட்டது. பல படங்களில் கடலுக்கு ஒரு வீச்சு நீலம்தான் போட்டிருக்கிறார். சில தாள்களில் அதுவும் இல்லை. காகிதத்தின் வெறுமைதான் கடல். ஆனால் கரையின் கோடு மட்டும் உயிரைக் கொடுத்து வரைந்ததாக இருக்கிறது. ஒவ்வொரு முனையும் எங்கே உள்வாங்குகிறது, எங்கே மூக்கு நீட்டுகிறது என்பது பிசகவில்லை. எங்கள் அப்பா கரையைப் பார்த்துத்தான் ஊரைச் சொல்வார். கோபுரம், கலங்கரை விளக்கம், மேடு, பனங்கூட்டம் என்று நான்கு அடையாளம் போதும். லியரின் கோடு அந்த மாதிரிக் கோடு. பார்த்தவுடன் இவர் கரையை நம்பி நடந்தவர் என்று தெரிந்துவிட்டது.

ஈரத்தூரிகை எழுதியது:

நெய்தல், நீங்கள் சொன்னது எவ்வளவு சரியானது! கரையை நம்பி நடந்தவர் என்பதை நான் எழுதியிருக்க வேண்டும்.

கரிக்கோல் ஐயா, கோபமெல்லாம் இல்லை. உங்கள் அரிசிக் கணக்குக்கு லியரின் வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்கிறேன். விற்பனைக்கான நீர்வண்ணங்களை அவர் பிற்காலத்தில் எப்படிச் செய்தார் தெரியுமா? டஜன் கணக்கில் தாள்களைச் சுற்றி வரிசையாக வைத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் நீலம். பிறகு எல்லாவற்றுக்கும் அடுத்த நிறம். ஒன்று காய்வதற்குள் அடுத்தது. வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதில்தான் ஓடின. அந்தப் படங்களுக்கு அவரே வைத்த பெயர் 'கொடுங்கோலர்கள்'. தன் கையால் செய்ததையே அப்படி அழைத்தார் என்றால், அந்த வேலை அவரை எப்படி வாட்டியிருக்க வேண்டும்!

நீங்கள் சொல்லும் சோறு அதுதான் என்றால், எனக்கு அரிசியே போதும்.

கரிக்கோல் எழுதியது:

கொடுங்கோலர்களை நானும் ஆதரிக்கவில்லை அம்மா. அது வயிற்றுப்பாடு. ஆனால் ஒரு கலைஞனின் களைத்த வேலையைக் காட்டி, அறைக்குள் முடிக்கும் முறையையே தள்ளிவிட முடியாது. டர்னருக்கு முந்திய ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர் ஜான் ராபர்ட் கோசன்ஸைப் பாருங்கள்.

கோசன்ஸ் 1782-இல் வில்லியம் பெக்ஃபோர்டு என்ற பெரும் பணக்காரரின் பரிவாரத்தில் இத்தாலிக்குப் போனார். யூலையில் நேப்பிள்ஸ். செப்டம்பரில் பெக்ஃபோர்டு ஊர் திரும்பிவிட, இவர் தங்கிவிட்டார். அந்தப் பயணத்தில் நிரப்பிய ஏழு நோட்டுகள் இன்று மான்செஸ்டரின் விட்வொர்த் காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் இருப்பது பென்சில் கோடும் கொஞ்சம் சாம்பல் பூச்சும். அந்தச் சாம்பலிலிருந்து அவர் பின்னால் எழுப்பிய நீர்வண்ணங்களில் நீலமும் பச்சையும் சாம்பலும் தவிர வேறு நிறம் தேட வேண்டும். நேப்பிள்ஸ் வளைகுடா அவர் கையில் ஒரு துக்கமாகவே மாறிவிடுகிறது. நிலக்காட்சியைத் தொட்டவர்களில் இவரைவிடப் பெரிய மேதை இல்லை என்று ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிள் சொன்னது அந்த முடித்த படங்களைப் பார்த்துத்தான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1794-இல் கோசன்ஸுக்குச் சித்தம் கலங்கியது. மருத்துவர் தாமஸ் மன்ரோ பார்த்துக்கொண்டார். அந்த மருத்துவர் வீட்டில்தான் இளைஞன் டர்னரும் அவன் வயதை ஒத்த தாமஸ் கர்ட்டினும் மாலை ஆறு மணிக்கு வந்து பத்து மணி வரை கோசன்ஸின் படங்களைப் பார்த்து நகலெடுத்தார்கள். கர்ட்டின் கோடு போடுவார், டர்னர் வண்ணப் பூச்சுக் கொடுப்பார். டர்னருக்கு இரவுக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. நேப்பிள்ஸைக் கண்ணால் காண்பதற்கு இருபது வருடத்துக்கு முன்பே அந்தக் கடற்கரை டர்னரின் கைக்குள் வந்துவிட்டது. நேரில் போகாமல், மணியும் தேதியும் இல்லாமல், ஒரு அறைக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். அதை என்ன சொல்வீர்கள்?

அவுரி எழுதியது:

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். திண்டிவனம் பக்கம் அவுரிச் செடியிலிருந்து நீலம் எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். கோசன்ஸின் சாம்பல் வானத்தைப் பற்றி ஐயா சொன்னதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய நீர்வண்ணக்காரர்கள் வானத்துக்கும் நிழலுக்கும் அவுரி நீலத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அதோடு செங்காவியைக் கலந்தால் அருமையான மேகச் சாம்பல் கிடைக்கும். தொல்லை என்னவென்றால், துணி நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் நீலம், காகிதத்தின் மேல் மெல்லிய பூச்சாக நிற்கும்போது வெளிச்சத்தைத் தாங்காது. வருடக்கணக்கில் சன்னலுக்கு எதிரே மாட்டிவைத்தால் நீலம் ஓடிவிடும், காவி மட்டும் தங்கும். சாம்பல் மேகம் இளஞ்சிவப்பாகிவிடும். அந்தக் காலத்தில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்து, ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் வண்ணங்களை வெளிச்சத்தில் வைத்துச் சோதித்து 1888-இல் அறிக்கை கொடுத்தார்கள்.

ஆகவே பழைய நீர்வண்ணத்தில் அந்தி வானம் போலத் தெரிவதெல்லாம் அந்தி இல்லை. அது நண்பகல் மேகமாகக்கூட இருந்திருக்கலாம். இப்போது ஈரத்தூரிகை அக்கா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். லியர் தாளின் மேல் மணியையும் நிறத்தின் பெயரையும் எழுதிவைத்தார் அல்லவா? வண்ணம் வெளுத்தாலும் அந்தச் சொல் வெளுக்காது. இங்கே ஊதா இருந்தது என்பதற்கு நூற்றைம்பது வருடம் கழித்தும் சாட்சி இருக்கிறது. என் தொழிலில் ஒவ்வொரு தொட்டிக்கும் தேதி, செடி பறித்த நேரம், நுரையின் நிறம் எல்லாம் எழுதிவைப்போம். லியரின் தாளைப் பார்த்தபோது எங்கள் தொட்டி நோட்டுத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஈரத்தூரிகை எழுதியது:

அவுரி தம்பி, வெளுக்காத சொல் என்பதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தாள்களில் பல இன்னமும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணமும் நீங்கள் சொன்னதுதான். லியர் அவற்றை விற்பதற்காக வைத்திருக்கவில்லை. சுவரில் மாட்டவும் இல்லை. தன் பெட்டிகளில் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு நண்பர் பிராங்க்ளின் லஷிங்டனிடம் போயின. இன்று மூவாயிரத்துக்கும் மேல் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில், இருட்டுப் பெட்டிகளில். வெளிச்சம் படாமல் கிடந்ததால் பிழைத்தன.

கரிக்கோல் ஐயா, மருத்துவர் வீட்டு மாலைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே அறைக்குள்தான் எல்லாம் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு இளைஞர்களுக்கு முன்னால் இருந்த படங்களுக்கு வேர் எது? ஒரு மனிதர் கரையில் நின்று போட்ட கோடு.

கரிக்கோல் எழுதியது:

வேர் அதுதான். மறுக்கவில்லை. ஆனால் லியரின் தாள்களை நேரில் வரைந்தவை என்று நீங்கள் சொல்லும்போது ஒரு முக்கியமான சங்கதியை விட்டுவிடுகிறீர்கள். இரண்டு நாளாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேரில் அவர் போட்டது பென்சில் கோடும் பென்சில் எழுத்தும். அந்தப் பழுப்பு மைக் கோடு இருக்கிறதே, நீங்களும் நானும் லியர் என்று அடையாளம் கண்டுகொள்ளும் அந்த வளைந்தோடும் கோடு, அது பின்னால் வந்தது. இரவில் விடுதியிலோ, பயணம் முடிந்து குளிர்காலத்திலோ, பென்சிலின் மேல் பேனாவால் ஓட்டுவார். அதன் பிறகு வண்ணப் பூச்சு, பெரும்பாலும் தான் எழுதிய சொற்களைப் படித்துப் படித்து. அப்படியானால் நீங்கள் கொண்டாடும் தாளும் பாதி அறைக்குள் பிறந்ததுதான். வெளியே, உள்ளே என்ற கோடு நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

ஈரத்தூரிகை எழுதியது:

ஐயா, இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதன் முழுக் கனத்தையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் பதிவில் 'நேரில் வரைந்த தாள்கள்' என்று மொத்தமாகச் சொன்னது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துக்கொண்டே கேட்கிறேன். பேனாவால் ஓட்டும்போது அவர் கோட்டின் மேல் மட்டுமா ஓட்டினார்? சொற்களின் மேலும் ஓட்டினார். தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துக்கு அடியில் அதே எழுத்து பென்சிலில் மங்கலாகத் தெரியும். வண்ணம் போடுவதற்கான வெறும் குறிப்பு என்றால், வண்ணம் போட்டதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. பென்சில் எழுத்தை ரொட்டித் துணுக்கால் தேய்த்து எடுத்துவிடலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். அதன் மேல் உட்கார்ந்து பொறுமையாக மை ஓட்டுகிறவர், அது போய்விடக் கூடாது என்று நினைக்கிறார். கிளையின் மேல் ஓட்டிய அதே பேனா, அதே மை, அதே கை அழுத்தம். அவருக்கு மரமும் 'ஆலிவ்' என்ற சொல்லும் ஒரே கோடு.

கரிக்கோல் எழுதியது:

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று. அந்தத் தாள்கள் அவருக்குக் கடைச்சரக்கு இருப்பு மாதிரி. இருபது வருடம் கழித்து ஒருவர் அமால்ஃபி வேண்டும் என்று கேட்டால், பெட்டியைத் திறந்து அந்தத் தாளிலிருந்துதான் புதிதாக வரைய வேண்டும். பென்சில் தாளோடு தாள் உரசி அழிந்துபோகும். ஆகவே நிலைக்கட்டும் என்று மை போட்டிருக்கலாம். கலைக்காகவா கணக்குக்காகவா என்று எப்படிப் பிரிப்பது?

பிரிக்க வேண்டியதே இல்லையோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வகுப்பில் பிள்ளைகளின் படத்தில் எழுத்து இருந்தால் அழிக்கச் சொல்லியே பழகியவன் நான். அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பலெர்மோவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தவன். பலெர்மோவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே எங்கள் சனம் நிறையப் பேர். சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மொன்டே பெல்லக்ரீனோ மலையில் நாங்களும் நடந்து ஏறுவோம். லியர் இந்த நகரத்துக்கு வந்தவர் என்று இந்த இழையைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அதன் பிறகு அவருடைய கலாப்ரியாப் பயணத்தைத் தேடி வாசித்தேன். 1847 யூலை கடைசியில் ரெஜ்ஜோவிலிருந்து புறப்பட்டிருக்கிறார். கூடவே ஜோன் புரோபி என்ற நண்பரும், சிச்சோ என்ற வழிகாட்டியும், சாமான் சுமக்க ஒரு குதிரையும். போவா, ஜெராச்சே, ஸ்தீலோ என்று மலையூர்களாக நடந்திருக்கிறார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் திரும்பி வரும்போது ரெஜ்ஜோவில் அரசனுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்துவிட்டது. நகரம் முழுக்க விளக்கு எரிகிறது. விடுதிக்குப் போய் அறைச் சாவி கேட்டால், அங்கே வேலை செய்த ஆள் குடித்துவிட்டு, இனிச் சாவியும் கிடையாது, கடவுச்சீட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று கத்தினானாம். மறுநாள் தோணியில் மெசினாவுக்குத் தப்பிப் போயிருக்கிறார்கள்.

நாட்டை விட்டு இரவில் கடல் கடந்தவர்கள் எங்களில் கனபேர். அதனால் எனக்கு அந்தப் பக்கத்தில் வேறொன்று உறைத்தது. அந்தக் கலவரத்துக்குள்ளும் அவருடைய தாள்கள் தப்பியிருக்கின்றன. கையில் என்ன எடுப்பது, என்ன விடுவது என்று நினைக்கவேண்டிய நேரத்தில் அவர் அந்தக் கட்டைத்தான் எடுத்திருப்பார்.

அந்தப் பக்கம் பென்தெதாத்திலோ என்றொரு ஊர் இருக்கிறது. ஐந்து விரல் என்று அர்த்தம், கிரேக்கச் சொல். பாறை உண்மையாகவே கை மாதிரி வானத்துக்கு நிமிர்ந்து நிற்கும். அதன் உள்ளங்கையில் ஊர். 1783 பூமியதிர்ச்சியில் நொந்து, கடைசியில் சனம் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. அங்கிருந்து ஒரு நடைபாதைக்கு இப்போது 'ஆங்கிலேயனின் பாதை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆங்கிலேயன் லியர்தான். வாற மாதம் இரண்டு நாள் லீவு இருக்கிறது. போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நெய்தல் எழுதியது:

அண்ணா, கட்டாயம் போய் வாருங்கள். எங்களுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சான் ரெமோ வீட்டைப் பற்றி நானும் கொஞ்சம் படித்தேன். கடல் தெரிகிற மாதிரி ஆசையாகக் கட்டிய வீடு. சில வருடத்தில் அவருக்கும் கடலுக்கும் நடுவே பெரிய ஹோட்டல் ஒன்று எழும்பிவிட்டது. கடல் மறைந்தது மட்டும் இல்லை, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் நேராக அவருடைய ஸ்டூடியோவுக்குள் விழுந்து வேலையே செய்ய முடியாமல் போனது. கடைசியில் வேறொரு நிலம் வாங்கிக் கடலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு வீடு கட்டிக்கொண்டார். அறுபத்தொன்பது வயதில். கரையில் வாழ்கிறவனுக்குக் கடல் தெரியாத சன்னல் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு செய்திக்காகவே அந்த மனிதர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அவுரி எழுதியது:

அந்த வயதுக்குச் சற்று முன்னால்தான் நம் பக்கமும் வந்திருக்கிறார், தெரியுமா? 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கி, ஒரு வருடத்துக்கும் மேல் இந்தியாவைச் சுற்றினார். மகாபலிபுரம், தஞ்சாவூர், திருச்சி, பிறகு இலங்கை. வேலைக்காரர் ஜியோர்ஜியோ இந்தப் பயணத்திலும் கூடவே வந்தார். கோர்ஃபுத் தீவுக்காரர், 27 வருடம் லியரோடு இருந்தவர். எங்கள் ஊர்ச் செம்மண் மேட்டை அவர் என்ன சொல்லால் குறித்திருப்பார் என்று நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. இதற்குத் தனி இழைதான் தொடங்க வேண்டும். இங்கே இத்தாலியை விட்டு வெளியே போக வேண்டாம்.

கரிக்கோல் எழுதியது:

யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வரும் பிள்ளைகள் ஆறு பேரை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். வண்ணப் பெட்டி வேண்டாம், பென்சில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நிறத்தைச் சொல்லால் எழுதுங்கள் என்றேன்.

முதலில் எல்லோரும் 'பச்சை' என்று எழுதினார்கள். எந்தப் பச்சை என்று கேட்டேன். அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்து. தண்ணீருக்கு ஒரு பெண் 'பழைய சோற்றுத் தண்ணீர்' என்று எழுதினாள். அன்றைக்கு ஆறு அப்படியேதான் இருந்தது. மேலே மேகம், கீழே வண்டல். நான் வண்ணத்தட்டில் அரை மணி நேரம் கலந்திருந்தாலும் அந்த நிறத்தை அவ்வளவு சரியாகப் பிடித்திருக்க மாட்டேன். மூன்று நாள் கழித்து வீட்டில் உட்கார்ந்து, தங்கள் சொல்லை மட்டும் பார்த்து வண்ணம் போட்டார்கள். ஆற்றுக்குத் திரும்பப் போகவில்லை. ஆறில் நான்கு படம் நன்றாக வந்தது.

அறைக்குள் முடிப்பதுதான் பெரிது என்ற என் கட்சி அப்படியே இருக்கிறது அம்மா. டர்னரின் 1840 வெனிஸ் நீர்வண்ணங்களுக்கு முன்னால் லியரை வைக்கவும் எனக்கு மனம் வராது. அந்த வருடம் ஒரு மாலையில், வில்லியம் காலோ என்ற இளைய ஓவியர் வெனிஸில் படகில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு போகும்போது, பக்கத்துப் படகில் அறுபத்தைந்து வயது டர்னர் அந்தி வெயிலில் சான் ஜியோர்ஜியோ கோயிலை வரைந்துகொண்டிருந்தாராம். தான் சும்மா சுற்றுவதை நினைத்து வெட்கப்பட்டதாகக் காலோ எழுதியிருக்கிறார். அந்த உழைப்பு, அந்த ஒளி, அது வேறு உயரம். ஆனால் ஓரத்து எழுத்தை அழிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஈரத்தூரிகை எழுதியது:

பழைய சோற்றுத் தண்ணீர்! ஐயா, அந்தப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

டர்னரா லியரா என்ற போட்டிக்கு நான் வரவில்லை. டர்னரின் வெனிஸில் ஊர் கரைந்து ஒளியாகிவிடுகிறது. அதைப் பார்க்கும்போது நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது. லியர் என்னை மறக்க விடுவதில்லை. இந்த ஊர், இந்தத் தேதி, இந்த மணி, இந்தப் பாறை என்று கையைப் பிடித்துக் காட்டுகிறார். அவருக்குச் சிறு வயதிலிருந்தே காக்காய் வலிப்பு இருந்தது. அது எந்த நேரத்தில் வரும் என்ற பயத்தோடே வாழ்ந்தவர். வந்த நாட்களை நாட்குறிப்பில் சிலுவை அடையாளமிட்டுக் குறித்துவைத்தவர். நினைவு அறுபடும் வாழ்க்கை வாழ்ந்த ஒருவர் ஒவ்வொரு தாளிலும் மணியை எழுதினார் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் மனத்தில் வருகிறது.

பலெர்மோவாசி எழுதியது:

போய் வந்துவிட்டேன். நேற்று இரவுதான் வீடு திரும்பினேன்.

மெசினாவில் புகையிரதத்தையே கப்பலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். மேலித்தோவில் இறங்கினேன். பென்தெதாத்திலோவுக்குக் கடலிலிருந்து விலகி மலைப்பக்கம் ஏற வேண்டும். வழியில் காட்டாறு ஒன்று; தண்ணீர் ஒரு நூல்தான், மற்றதெல்லாம் வெள்ளைக் கல். சப்பாத்திக்கள்ளி இரண்டு பக்கமும் ஆள் உயரம். கற்றாழை. ஒரு வளைவு திரும்பியதும் அந்தக் கை எழும்பி நின்றது. நான் நின்றுவிட்டேன்.

லியரின் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். விரல்களை அவர் கொஞ்சம் நீட்டியிருக்கிறார். அது பொய் இல்லை என்று அங்கே நின்றால் விளங்கும். கீழிருந்து ஏறிக் களைத்து வருகிறவனுக்கு அந்தப் பாறை அவ்வளவு உயரமாகத்தான் தெரியும்.

எனக்குக் கீறத் தெரியாது. ஆனாலும் கரிக்கோல் ஐயாவின் பிள்ளைகளை நினைத்து, டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஐந்து கோடு இழுத்துவிட்டு எழுதினேன். பின்னேரம் 5.40. பாறை வெயில் பக்கம்: வறுத்த கடுகு. விரல்களின் இடுக்கு: கத்தரிப்பூ. இடிந்த வீடுகள்: பாறையின் நிறமேதான், பிரித்துச் சொல்ல ஏலாது. கள்ளி: சாம்பல் பூத்த பச்சை. கடல்: தூரத்தில் ஒரு கீற்று, வானத்தைவிட வெளிறு. கடலுக்கு நிறம் எழுதப் பத்து நிமிடம் பிடித்தது. எழுதி முடிக்கும்போது மாறிவிட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

ஈரத்தூரிகை எழுதியது:

தம்பி, அந்த டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள். இன்றைக்கே பென்சிலின் மேல் மை ஓட்டிவிடுங்கள், அடித்த சொல்லையும் சேர்த்து.

நான் காகிதத்தை ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். உங்கள் சொற்களை வைத்து நாளைக் காலையில் வண்ணம் போடப்போகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கத்தரிப்பூ என்றீர்களே, செடியில் இன்று விரிந்த பூவின் நிறமா, வாடத் தொடங்கிய பூவின் நிறமா?

பலெர்மோவாசி எழுதியது:

மேலே இரண்டு விரலுக்கு நடுவில் இன்று விரிந்தது, அக்கா. கீழே வீடுகளுக்குப் பின்னால் வாடினது.